இரண்டு ஆசிரமங்களுக்கு நடுவே

சனிக்கிழமை பகலெல்லாம் பாடக் குறிப்பெழுதி, மாலையில் மனைவியுடன் பாண்டி பஜாரில் பாத்திரக் கடை ஏறியிறங்கி, மறுநாள் விடியலில் மயிலை மாடவீதியில் அவளுக்கு இரண்டு முழம் கதம்பம் வாங்கித் தந்து கற்பகாம்பாள் சந்நிதியில் நிற்கும் மாணவனை, குருகுலவாசம் முடித்தவனுக்கே விவாகம் என்று கிரமம் வகுத்த சாஸ்திரம் எந்த ஆசிரமத்தில் சேர்க்கும்?

கேள்வி புதியதன்று. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்து ஆராய்ச்சி மாணவராக ஏற்ற கணித மேதை ராமானுஜன், 1909-லேயே ஜானகியை மணந்தவர். அவருடைய திருவல்லிக்கேணி வாசத்தில் கணிதமும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

மற்ற மூன்று ஆசிரமத்தாரையும் தாங்குபவன் இல்லறத்தான் என்பது மனுவுக்கும், மயிலையோடு ஐதிகம் பிணைத்துப் பேசும் வள்ளுவருக்கும் பொதுவான கருத்து. அப்படியானால் மணமான மாணவனிடத்தில் தாங்குபவனும் தாங்கப்படுபவனும் ஒருவனே ஆகிறான்; அந்தப் பாரம் எளிதன்று, அதை இகழ்வோரை நான் ஒப்புவதில்லை. பிரம்மசரியத்தின் சாரம் தனிமையன்று, ஏகாக்கிரதையே என்று நான் நம்புகிறேன். மயிலைக் குளத்துப் படியில் மனைவி பேச, புத்தகத்தை மறந்து அவன் முழு மனத்தோடு கேட்டிருக்கும் அந்த அரைமணி நேரத்திலும் அது குறைவுபடவில்லை.