காவலூர் வான்ஆய்வகமும் காட்சியளவையும்

கண்டதெல்லாம் அறிந்ததாகுமா என்னும் வினாவைச் சைவ சித்தாந்தம் அளவை, அதாவது அறிவைத் தரும் வழி, என்ற பகுதியில் ஆராய்கிறது. காண்டல், கருதல், உரை என அளவை மூவகைப்படும். காண்டலிலும், ஏதோ ஒன்று உளது என்ற அளவில் தோன்றுவதை நிருவிகற்பக் காட்சி என்றும், இன்ன பொருள் எனத் தெளிவதைச் சவிகற்பக் காட்சி என்றும் அளவை நூலார் பிரித்தனர்.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்ஆய்வகத்தின் வரலாற்றுக்கு இப்பிரிவு நன்கு பொருந்துகிறது. யுரேனசின் வளையங்கள் காவலூரில்தான் கண்டுபிடிக்கப்பட்டன என்று அதன் அன்பர் பலர் நம்புகின்றனர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தபோது, ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியால் நோக்கி, அவ்விண்மீனின் ஒளி மங்கியதைப் பதிவு செய்தனர். அப்பதிவு மெய்யானது, மறைத்த பொருள் வளையமே. ஆயினும் அவர்கள் கருதி வெளியிட்ட முடிவு, யுரேனசுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று உண்டு என்பதாகும். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மீது பறந்த கைப்பர் வானூர்தி ஆய்வகத்திலிருந்து நோக்கிய ஜேம்ஸ் எலியட் குழுவினரோ, கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் ஒளி ஒத்த தொலைவுகளில் மங்கியதைக் கண்டு, இருபுறமும் சமமாக அமைவது கோளைச் சூழ்ந்த வளையமே என்று துணிந்தனர். காட்சி இரு குழுவினர்க்கும் வாய்த்தது, தெளிவு ஒரு குழுவினர்க்கே வாய்த்தது. ஓரிரவின் அரைகுறைப் பதிவைக் கொண்டு துணைக்கோள் என்று கருதியது இழுக்கன்று.

தொலைநோக்கி நிறுவப்பட்ட 1972-ஆம் ஆண்டிலேயே வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதைக் காவலூர் உறுதிப்படுத்தியது என்பதும் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. அப்போது கருதப்பட்ட அளவில் வளி இல்லை என 1979-இல் வாயேஜர் 1 காட்டியது. இன்று அறியப்படும் மிக மெல்லிய ஆக்சிஜன் உறை பின்னாளில் ஹப்பிள் தொலைநோக்கியின் நோக்கீடுகளால் தெரியவந்தது. நிறுவனர் வைணு பாப்பு தம் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியில் விண்ணைக் கண்டார் என்பாரும் உளர். அவர் 1982-இல் மறைந்தார், தொலைநோக்கி 1986-இல்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இத்திரிபுகள், அதாவது ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் பிழைகள், பகையால் அல்லாமல் அன்பால் விளைந்தவை. அதனாலேயே அவற்றைக் களைவது கடினம். உரை அளவையாவதற்கு உரைப்பவர் மீதுள்ள பற்று போதாது, அவர் பொருளை உள்ளவாறு அறிந்திருத்தலும் வேண்டும். எனவே பாடநூல் எழுதுவோரும் மலைக்கு மாணவரை அழைத்துச் செல்வோரும், காவலூர் யுரேனஸ் வளையத்தின் நிழலைப் பதிவு செய்தது என்றும், வளையம் எனக் கண்டறிந்தவர் எலியட் குழுவினர் என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும்.