'மை'யா, 'தி'யா?

ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. எழுப்பி உட்கார வைக்க விடிந்துவிட்டது. காரணம், டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய நாலு வரி. அதைப் படித்துப் பார்த்து ஓகே கொடுத்தவன் நான்.

காலையில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'தி சேஞ்ச் வாஸ் நாட் டெஸ்டட்.' யார் மனசும் நோகாத வாக்கியம். எங்கள் தொழிலில் இதுதான் நல்ல பழக்கம் என்பார்கள்: ஆளைத் தேடாதே, காரணத்தைத் தேடு. அவளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரு வார்த்தை மாறியிருந்தது. 'தி' போய் 'மை' வந்திருந்தது. மாற்றியது அவள்தான்.

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே நாற்காலி. ஒன்று உட்கார்ந்தால் மற்றது எழுந்துவிட வேண்டும். 'தி மை புக்' என்று யாரும் சொல்வதில்லை. யார் உட்காருவது என்பதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. கை உடைந்தால் 'ஐ ப்ரோக் மை ஆர்ம்'. ஆனால் ஒருவன் என் தலையில் அடித்தால் 'ஹி ஹிட் மீ ஆன் தி ஹெட்'. தலை என்னுடையதுதான். 'மீ' என்று ஆளை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதால் தலைக்கு 'தி' போதும். அந்த 'தி' எதையும் மறைக்கவில்லை. என் அறிக்கையில் இருந்த 'தி' வேறு ஜாதி. அந்த வாக்கியத்தில் எங்கு தேடினாலும் ஆளே கிடையாது.

தமிழில் 'தி' இல்லை. அதனால் நாம் யோக்கியர்கள் ஆகிவிடவில்லை. டம்ளர் கை தவறினால் 'உடைச்சுட்டேன்' என்று எத்தனை பேர் சொல்கிறோம்? 'உடைஞ்சுடுச்சு'தான். நாம் ஒளிந்துகொள்வது வினைச்சொல்லுக்குள்.

அடுத்தவர் தப்புக்கு 'தி' போடுவது கருணையாக இருக்கலாம். நம் தப்புக்குப் போட்டால் அது நழுவல். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான தப்புகளில் இரண்டு பேர் இருக்கிறோம். அவளுக்காகப் போட்டேன் என்று நான் நம்பிய 'தி', என் ஓகேவையும் சேர்த்தே மூடியிருந்தது. அவள் போட்ட 'மை'யும் முழு உண்மை இல்லை. பாரம் மொத்தத்தையும் அவள் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

அவள் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே 'மை ரிவ்யூ மிஸ்டு இட்' என்று சேர்த்தேன். நாலே வார்த்தை. அனுப்புவதற்குள் இரண்டு தடவை அந்த 'மை'யை 'தி' ஆக்கி, திரும்ப மாற்றினேன்.