தீவின் குரல்

சில காரியங்கள் உண்டு. செய்கிறவனுக்கு அது தவம். பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு அது பைத்தியம். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தீவு தேடிப் போவது அந்த ரகத்தைச் சேர்ந்தது.

'ஹாம்' என்று செல்லமாக அழைக்கப்படும் இவர்கள், சர்க்காரிடம் உரிமம் பெற்று, சொந்தக் கருவியில், சொந்தப் பணத்தில் உலகத்தோடு பேசுகிறவர்கள். இதில் அவர்களுக்குக் காலணா வரும்படி கிடையாது. வியாபாரம் பேசவும் அனுமதி இல்லை. வீட்டு மாடியில் கம்பி கட்டிப் பேசுவதோடு பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். சிலருக்கு அது போதவில்லை. யாரும் எளிதில் போகாத தீவு ஒன்றைத் தேடிப் பிடித்து, ரயிலேறி, கப்பலேறி, படகேறிப் போய், அங்கே கம்பத்தை நட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். உடனே நாலா திசைகளிலிருந்தும் குரல்கள் மொய்க்கின்றன. ஆனால் ஒவ்வொருவரோடும் நடக்கும் பேச்சு சில விநாடிதான். கூப்பிடுகிறவர் தம் அடையாளக் குறியைச் சொல்கிறார். தீவில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லி, 'ஐம்பத்தொன்பது' என்கிறார். 'நன்றி' என்று பதில் வருகிறது. அவ்வளவுதான், அடுத்த ஆள்.

இதற்காகவா இத்தனை தூரம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விடாமல், கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1964இல் ஜெஃப் வாட்ஸ் என்ற ஆங்கிலேயர் உலகத்துத் தீவுகளையெல்லாம் தொகுதி தொகுதியாகப் பிரித்து எண் கொடுத்தார். அவர் சிற்றலை ஒலிகளைக் கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகுதிகள் கொண்ட அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் இன்றும் ஹாம்கள் தீவுகளை 'வேட்டை'யாடுகிறார்கள். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் தனியாகக் கிடக்கும் செயின்ட் கில்டாவுக்கு அதில் 'இ.யூ.059' என்று பெயர். வரைபடத்தில் ஒரு புள்ளி. பட்டியலில் ஓர் எண்.

லண்டனில் இருக்கும் ஒருவர் அங்கே போகத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தக் கார் இல்லை, ரயில்தான். இரவு யூஸ்டன் நிலையத்தில் படுக்கை வண்டி ஏறினால் காலையில் இன்வர்னஸ். அங்கிருந்து, 1897இல் கடற்கரை வரை நீட்டப்பட்ட மலைப்பாதையில் இன்னொரு வண்டி. கைல் ஆஃப் லொகால்ஷ் என்ற ஊரில் தண்டவாளம் முடிந்து கடல் தொடங்குகிறது. 1995இல் கட்டிய பாலத்தின் மேல் பஸ்ஸில் ஸ்கை தீவு, அதன் வடகோடியில் யூயிக் துறைமுகம், அங்கே கப்பலேறி ஹாரிஸ் தீவு, மறுபடியும் பஸ், கடைசியில் லெவர்பர்க்கில் ஒரு சிறு படகு. அதற்கப்புறமும் மணிக்கணக்கில் கடல். கிராமம் இருக்கும் குடா தென்கிழக்குப் பக்கம் திறந்திருப்பதால், அந்தத் திசையில் காற்று எழும்பிவிட்டால் கரை இறங்க முடியாது. தீவைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். திட்டம் போடுகிறவர் இதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரயிலில் போகிறவனுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அவன் தோளால் தூக்க முடிந்தது மட்டுமே அவன் சாமான். பெரிய டிரான்ஸ்மிட்டரும் ஜெனரேட்டரும் காரில் ஏறும். நாலு இடத்தில் வண்டி மாறுகிறவனோடு ஏறா. அவன் சின்னக் கருவி ஒன்று, பாட்டரி, மீன் தூண்டில் கழிபோல் மடக்கி நீட்டும் கம்பம், கொஞ்சம் கம்பி, மழைக்குக் கூடாரம் என்று நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இருபது மீட்டர் அலைக்கு ஐந்து மீட்டர் உயரக் கம்பி போதும். கடலோரமாக நட்டால் உப்புத்தண்ணீரே அவனுக்குத் துணை செய்யும். மீதியை வானம் பார்த்துக்கொள்ளும். மேலே வெகு உயரத்தில் மின்னேற்றம் கொண்ட காற்று மண்டலம் அலையை வாங்கிப் பூமிக்குத் திருப்பி அனுப்புகிறது; எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒரு சன்னக் குரலாக அது போய் இறங்கக்கூடும். அவ்வளவு வடக்கே வானில் துருவ ஒளி நடனமாடுகிற இரவு வாய்த்தாலோ, எல்லாம் ஒரேயடியாக அடங்கியும் போகும். வல்லமை குறைந்தவனுக்குப் பணிவு தானாக வந்துவிடுகிறது.

இனி அந்த 'ஐம்பத்தொன்பது' விவகாரம். ஐந்து என்றால் பேச்சு தெளிவாகப் புரிகிறது என்று பொருள். ஒன்பது என்றால் ஒலி மிக வலுவாக வருகிறது என்று பொருள். உண்மையில் தீவுக்காரர் எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறார். பாதி இரைச்சலில் முங்கிப்போன குரலுக்கும் ஐம்பத்தொன்பது. மூன்று தடவை கேட்டும் புரியாத குரலுக்கும் ஐம்பத்தொன்பது. இது பொய்யா? தெருவில் எதிர்ப்படுகிறவர், 'சௌக்கியமா?' என்று கேட்டால், பல்வலியோடு, 'சௌக்கியந்தான்' என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த மாதிரி. மரியாதைக்காகச் சொல்லும் சொல்லில் மெய்யைத் தேடக் கூடாது. ஆனால் அடையாளக் குறியில் ஓர் எழுத்துப் பிசகக் கூடாது. கேட்காததைக் கேட்டதாகக் குறிப்பேட்டில் எழுதக் கூடாது. பக்கத்தில் நின்று பார்க்க ஆள் கிடையாது, ஆனாலும் எழுதுவதில்லை. மனிதர் நேர்மையை அளக்க இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதில், போகிறவரைப் பற்றித்தான் பேசினோம். அவர் போய் இறங்கும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

செயின்ட் கில்டா வெறும் எண் அல்ல, ஊர். பல நூற்றாண்டுகள் அங்கே ஜனங்கள் குடியிருந்தார்கள். கேலிக் மொழி பேசினார்கள். செங்குத்தான பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவைகளைப் பிடித்துத் தின்றார்கள்; நிலச்சொந்தக்காரருக்கு வாடகையைக்கூட இறகாகக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் வெளியுலகத்திலிருந்து ஒரு கப்பல் வராது. 1877இல் ஜான் சாண்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் அங்கே இருந்தபோது, உடைந்துபோன ஆஸ்திரியக் கப்பல் ஒன்றின் மாலுமிகளும் வந்து சேர்ந்தார்கள். இருக்கிற தானியத்தை அத்தனை வாய்க்கும் பங்கிட வேண்டியதாயிற்று. சாண்ட்ஸ் ஒரு கடிதம் எழுதி, அந்தக் கப்பலின் மிதவையில் கட்டிக் கடலில் விட்டார். ஒன்பதாம் நாள் அது ஓர்க்னித் தீவில் கரை ஒதுங்கியது; உதவிக் கப்பல் வந்தது. அதிலிருந்து தீவு ஜனங்கள், ஆபத்துக் காலத்தில் மரத்தைப் படகுபோல் குடைந்து, அதற்குள் கடிதத்தை வைத்து, காற்று ஊதிய பை ஒன்றை மிதவையாகக் கட்டி, காற்று அனுகூலமாக அடிக்கும்போது அலையில் விடுவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். அந்தக் கடிதம் யார் கையில் சேருமோ, சேராமலே போகுமோ! கடல் அலையில் அனுப்பிய கூக்குரல் அது.

1913இல் அங்கே கம்பியில்லாத் தந்தி வந்தது. யுத்தம் வந்ததும் கடற்படை அதைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1918 மே மாதம் 15ஆம் தேதி ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் குடாவுக்குள் வந்து அந்த நிலையத்தைச் சுட்டு நாசமாக்கிற்று. யுத்தம் முடிந்தது, கடற்படை போய்விட்டது. தீவு மறுபடியும் தனித்துப் போயிற்று. வாலிபர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நோய் வந்தது, பயிர் பொய்த்தது. கடைசியில், தங்களை அழைத்துக்கொண்டு போய்விடும்படி அவர்களே சர்க்காருக்கு எழுதிக் கேட்டுக்கொண்டார்கள். 1930 ஆகஸ்டு 29ஆம் தேதி, எஞ்சியிருந்த முப்பத்தாறு பேரும் 'ஹேர்பெல்' என்ற கப்பலில் ஏறினார்கள். வீடுதோறும் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு சிறு குவியல் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். இப்போது அங்கே நிரந்தரக் குடி என்று எவரும் இல்லை. 1957இலிருந்து இருந்துவரும் ராணுவ ரேடார் நிலையத்தின் ஊழியர்கள் உண்டு. கோடையில், தீவைப் பராமரிக்கும் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்டின் ஆட்கள் உண்டு. பறவைகளும் ஆடுகளும் உண்டு.

ஒரு ரேடியோ மட்டும் இருந்திருந்தால் அந்த ஜனங்கள் போயிருக்கமாட்டார்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஊர் காலியாவதற்கு ஒரு காரணம் போதாது. ஆனால் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே மனிதர்கள் பசியோடு கூப்பிட்ட காலத்தில், அவர்கள் குரல் கட்டையில் மிதந்து வந்தது. கூப்பிட அங்கே யாரும் இல்லாத இந்தக் காலத்தில், அந்தத் தீவிலிருந்து ஒரு குரல் வராதா என்று உலகமெங்கும் ஆட்கள் இரவு கண் விழித்துக் காத்திருக்கிறார்கள்!

'தொலைதூரத் தீவு' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யாருக்குத் தொலைவு? அங்கே பிறந்தவனுக்கு அது வாசற்படி, லண்டன்தான் தொலைவு. 'அபூர்வம்' என்று ஹாம்கள் சொல்கிறார்கள். அங்கிருந்து குரல் கேட்பது அபூர்வம் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. குரல் கேட்காமல் போனதற்குக் காரணம் பல சமயம் கடல் அல்ல. கேட்க விருப்பமில்லாத காதுதான். இது தீவுகளுக்கு மட்டும் பொருந்துகிற சங்கதியா? ஒரே வீட்டில், அடுத்த அறையில், பல வருஷங்களாகத் தீவாகிக் கிடக்கும் கிழவர்கள் எத்தனை பேர்!

அப்படியானால் இந்த யாத்திரை வெறும் வேடிக்கையா? 2004 டிசம்பரில் நடந்ததைச் சிலர் இதற்குப் பதிலாகச் சொல்வதுண்டு. பாரதி பிரசாத் என்ற அம்மையார், பல ஆண்டுகளாக ஹாம்களின் குரல் கேளாத அந்தமான் தீவுகளுக்கு அனுமதி பெற்று, குழுவோடு போய் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 26ஆம் தேதி சுனாமி வந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்துபோன நேரத்தில், விளையாட்டுக்காகக் கட்டிய கம்பியே உயிர்ச்செய்தி சுமக்கும் கம்பியாயிற்று. மகத்தான காரியம், மறுக்கவே முடியாது. ஆனால் ஆபத்து வந்தால் உதவும் என்பதற்காக மட்டும் ஒன்றை நியாயப்படுத்தினால், ஆபத்து வராத மற்ற நாட்களுக்கு என்ன பதில்?

அந்த மற்ற நாட்களுக்கான பதில், அவர்கள் பழகும் பழக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நூறு பேர் ஒரே சமயத்தில் கத்துகிறார்கள். பெரிய கருவி வைத்திருப்பவன் குரல் எல்லாவற்றையும் அமுக்குகிறது. அவனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவது எளிது. குறிப்பேட்டில் எண்ணிக்கையும் கூடும். நல்ல ஹாம் அப்படிச் செய்வதில்லை. அந்தச் சந்தை இரைச்சலுக்கு அடியில் நூலிழையாக வரும் ஒரு குரல் அவன் காதில் படுகிறது. 'மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குரல் மட்டும் பேசட்டும்' என்கிறான். வலுத்தவர்கள் வாய் மூடிக் காத்திருக்கிறார்கள். அந்த எளியவன் தன் குறியைச் சொல்லி முடிக்கிறான். நாம் இதைச் சட்டசபையில் எதிர்பார்க்கிறோம், பந்தியில் எதிர்பார்க்கிறோம், கிடைப்பதில்லை. ஒரு பாறைத் தீவில், கூலி இல்லாமல், சாட்சி இல்லாமல், ஒருவன் அதைச் செய்கிறான். சில விநாடிப் பேச்சுதான். ஆனால் அந்தச் சில விநாடியும் முழுக்க இன்னொருவனைக் கேட்பதற்கே செலவாகிறது. நாம் மணிக்கணக்கில் பேசிக்கொள்கிறோமே, அதில் கேட்பதற்கு எத்தனை விநாடி ஒதுக்குகிறோம்?

ஆகையால், இத்தகைய பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு, வெளியாளாக இருந்தாலும், ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். ரயில் நேரத்தையும் பாட்டரியின் எடையையும் கணக்குப் பார்ப்பதோடு, அந்தத் தீவின் சரித்திரத்தையும் படித்துக்கொண்டு போங்கள். டிரஸ்டின் அனுமதியைக் கேளுங்கள். பறவைகள் குஞ்சு பொரிக்கும் இடத்தில் கழி நடாதீர்கள். கரை இறங்க முடியாமல் திரும்பினால் தீவின்மேல் கோபம் கொள்ளாதீர்கள். அது உங்களுக்காகக் காத்திருந்த தீவு அல்ல.

ஹாம்களிடையே இன்னொரு நல்ல வழக்கம் இருக்கிறது. அலைவரிசை காலியாகத் தோன்றினாலும் எடுத்த எடுப்பில் பேசத் தொடங்குவதில்லை. முதலில் கொஞ்ச நேரம் சும்மா இருந்து கேட்க வேண்டும். பிறகு, 'இங்கே யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்க வேண்டும். பதில் வருகிறதா என்று மறுபடியும் பொறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம்.

செயின்ட் கில்டாவின் தெருவில், கூரை போன வீடுகளுக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்கிறவர், பதிலுக்காக வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் காத்திருந்தால் நல்லது.