மனத்தொழிற் பெயர்கள்

ஒரு சொல் பல பொருள் பயத்தல் செய்யுட்கு அணியாம், சாத்திரத்துக்கோ கேடாம். மூளையை ஆராயும் மேனாட்டறிஞர் இவ்விடரில் அகப்பட்டுளர். ‘செயல்நினைவு’ என்று அவர் வழங்குவதனை நோக்குக. சிறிது பொழுது ஒன்றை உள்ளத்தில் நிறுத்துதலை அச்சொல்லாற் குறிப்பர் ஒருசாரார்; நிறுத்தியதனைக் கூட்டியும் மாற்றியுங் கையாளுதலைக் குறிப்பர் மற்றொருசாரார்; எலிகளை வைத்து ஆராய்வாரோ, அவ்வச் சோதனையில் எவ்வழி சென்று மீண்டதென எலி அறிந்திருத்தலைக் குறிப்பர். இம்மூவர் முடிபுகளையும் ஒருங்கடுக்கி, ‘இன்ன மூளைப்பகுதியே செயல்நினைவின் இருப்பிடம்’ என்பார்க்கு, எதன் இருப்பிடம் என்னும் வினாவுக்கு விடை யாது?

இக்குழப்பம் நீக்கக் கருதி, ரஸ்ஸல் போல்ட்ராக் முதலிய அறிஞர் ‘காக்னிட்டிவ் அட்லஸ்’ என்னும் பொதுத் தொகுப்பொன்றை அமைத்து, 2011-இல் அதனை விளக்கி எழுதினர். மனத்தொழில்களுக்கு இலக்கணங் கூறி, இஃது இதன் வகை, இஃது இதன் உறுப்பு என இயைபுங் காட்டுவது அது. அதன்கண் யாம் பெரிதும் மதிப்பது, மனத்தொழிலையும் அதனை அளக்குஞ் சோதனையையும் வேறுபிரித்து வைத்தமையே. 1935-இல் ஸ்ட்ரூப் என்பார் வெளியிட்ட சோதனையில், ‘சிவப்பு’ என்னுஞ் சொல்லைப் பச்சை மையால் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைக் கூறுக என்பர், கூறுவோன் தடுமாறுவான். அத்தடுமாற்றம் கவனத்தின் தளர்ச்சியோ, வாசிக்கும் பழக்கத்தின் வலியோ, அதனை அடக்கும் ஆற்றலின் குறைவோ? சோதனை ஒன்று; கருதப்படுந் தொழில் பல. தராசைப் பொன் என்பாரும் உளரோ!

அற்றேல், அறிஞர் கூடிப் பெயரும் இலக்கணமும் உறுதி செய்துவிடின் அமையுமன்றோ எனின், அமையாது. உடன்பாடு வேறு, உண்மை வேறு. அந்தக்கரணம் மூன்றென்பர் சாங்கியர். சித்தத்தையுங் கூட்டி நான்கென்பர் நம்மவர். அவ்வழக்குத் தலையெண்ணித் தீர்ப்பதன்று. ஒன்றன் தொழில் மற்றொன்றால் ஆகாமை காட்டியே தீர்த்தற்பாலது.

மூளை நூலிலும் அவ்வாறு ஒரு வழக்குத் தீர்ந்ததுண்டு. ஹென்றி மொலைசன் என்பார்க்கு வலிப்பு நோய் தணித்தற்பொருட்டு, 1953-இல் மூளையின் இருபுறத்தும் உட்பகுதி சிலவற்றை அறுத்தெடுத்தனர். அதன்பின் புதிய நிகழ்ச்சிகள் அவர் நினைவில் நில்லாவாயின. ஆயினும், கண்ணாடியிற் காணும் நிழலை மட்டும் நோக்கி விண்மீன் வடிவை வரையும் பயிற்சியைப் பிரெண்டா மில்னர் அம்மையார் அவர்க்கு மூன்று நாள் கொடுப்ப, கை நாளுக்கு நாள் தேர்ந்தது. முன்னாள் வரைந்தமையை மட்டும் அவர் அறிந்திலர். ‘நினைவு’ என ஒரு பெயராற் கூறப்பட்டது ஒன்றன்று என்பது அக்கையாற் புலப்பட்டது. அதற்கு முன்னரே அறிஞர் அவை கூடி நினைவு ஒன்றே என வரையறுத்திருப்பினும், அக்கை தேராதிருந்திருக்குமோ? இதனை உணர்ந்தார் போலும், அட்லஸ் அமைத்தோர் அதனை முடிந்த நூலாக வையாது, பின்வருவோர் சேர்க்கவும் மறுக்கவுந் திருத்தவும் இடனுடையதாகவே வைத்தனர்.