தாங்குபவரைத் தாங்குவது யார்?

திருவனந்தபுரத்தின் கரமனையில், ஆற்றை ஒட்டிய பகுதியில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தெருக்கள் உள்ளன. பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிட, பல வீடுகளில் முதியவர்களே முதியவர்களைப் பேணுகின்றனர். அத்தகைய வீடொன்றில், பக்கவாதத்தால் படுத்த மாமியாருக்கு ஐந்தாண்டுகளாகப் பணிவிடை செய்துவரும் அறுபது வயது மருமகள் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். படுக்கைப் புண் வராதிருக்க, இரவிலும் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். ஒருநாள் நள்ளிரவில் அவள் மனத்தில், ‘இது எப்போது முடியும்?’ என்றொரு கேள்வி எழுகிறது. மறுகணமே நடுங்கிப் போகிறாள். யாரிடமும் சொல்லாமல், காலையில் பூஜையறையில் நெடுநேரம் அமர்ந்து மன்னிப்புக் கேட்கிறாள்.

அவள் செய்தது பாவமா?

பாரம் இறங்க வேண்டும் என்ற விருப்பம் வேறு, அந்த மனிதர் இறக்க வேண்டும் என்ற விருப்பம் வேறு. களைத்த மனத்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. “உன்னைப்போல யார் செய்வார்கள்!” என்று ஊரார் புகழும்போது அவளது வாய் மேலும் இறுக மூடிக்கொள்கிறது. புகழும் சில வேளைகளில் ஒரு விலங்குதான்.

இந்தச் சோர்வை 1974-ல் உளவியலில் ஓர் ஆய்வுப் பொருளாக்கியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கின் இலவச மருத்துவமனையில் மிகுந்த ஈடுபாட்டோடு உழைத்தவர்களே முதலில் வெந்து தணிவதை அவர் கண்டார். உலக சுகாதார நிறுவனமோ 2019-ல் இதைத் தொழில் சார்ந்த நிலையாக மட்டுமே வரையறுத்தது. கூலியும் விடுமுறையும் இன்றி வீட்டில் உழைப்பவள் அந்த வரையறைக்குள்ளும் வரவில்லை!

அறிகுறிகள் மெல்லவே வரும். நோயாளி உறங்கினாலும் தனக்கு உறக்கம் வராது. தன் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது நினைவிருக்காது. சிந்திய கஞ்சிக்காகக் கடுஞ்சொல் வரும், பின்பு அழுகை வரும். அழுகையும் வராத நிலையே மிக அபாயமானது. கைகள் வேலை செய்யும், உள்ளே எதுவும் இராது.

‘தனக்கென ஓய்வு தேடுவது சுயநலம் அல்லவா?’ என்று அவள் கேட்கக்கூடும். பௌத்த விநய நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கவனிப்பாரின்றிக் கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தர் ஆனந்தருடன் சேர்ந்து தாமே நீராட்டினார். பின்பு, பேணும் கடமையை அவர் தனியொரு துறவியின் தலையில் கட்டவில்லை. ஆசிரியர், மாணவர், உடன் பயில்வோர், எவரும் இல்லையெனில் சங்கம் முழுவதும் என விதித்தார். நோயாளியைப் பேணுதல் ஒருவரது தனித் தவம் அன்று.

கேரளம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2003-ல் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’வைத் தொடங்கினார். 2008-ல் மாநில அரசு ‘பாலியேட்டிவ்’ சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். பணிவிடை செய்வோருக்கென ‘ஆஸ்வாஸகிரணம்’ என்ற உதவித் திட்டமும் உண்டு. தொகை சிறிதுதான், எனினும், கட்டிலில் இருப்பவரோடு கட்டிலருகே நிற்பவரையும் அது கணக்கில் எடுக்கிறது.

ஆயினும் செவிலியர் வந்துபோன பின் எஞ்சும் நாட்கள் பல. “ஏதாவது வேண்டுமென்றால் சொல்” என்னும் உறவினரிடம் அவள் எதையும் சொல்லமாட்டாள். “வியாழன்தோறும் மூன்று மணி முதல் ஐந்து வரை நான் மாமியின் அருகே இருக்கிறேன்” என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றால் மறுப்பது கடினம். வெளியூரிலுள்ள மகன் பணம் அனுப்புவதோடு, ஆண்டுக்கு இரு வாரம் வந்து இரவுக் காவலை ஏற்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் கோயிலுக்குப் போகலாம். ஆற்றங்கரையில் சும்மா நிற்கலாம். அல்லது கதவைச் சாத்திக்கொண்டு உறங்கலாம்.