ஆத்துமாவா, இருதயமா?

மனிதனை மனிதனாக்குவது எது என்று உங்களிடம் ஒருவர் கேட்டால் என்ன விடை பகர்வீர்கள்? ஆத்துமா என்பீர்களா, இருதயம் என்பீர்களா? இவ்விரண்டும் வேறு வேறானவையா? தத்துவ நூல்கள் இதற்குப் பல விடைகள் தருகின்றன. இன்று நாம் ஒரேயொரு சொல்லின் வரலாற்றைத் துணைகொண்டு இதனைச் சிந்திப்போம்.

இலத்தீன் மொழியில் 'அனிமா' என்றொரு சொல் உண்டு. காற்று, மூச்சு, உயிர், ஆத்துமா என்னும் பொருள்கள் யாவும் அதில் அடங்கும். தமிழில் 'ஆவி' என்பது கொதிநீரிலிருந்து எழுவதையும், மூச்சையும், உயிரையும் ஒருங்கே குறிக்கிறதல்லவா? அதுபோன்றதே இதுவும். மூச்சுடையது என்பதனாலேயே விலங்கிற்கு 'அனிமல்' என்ற பெயர் வந்தது.

உரோமரின் மொழி காலப்போக்கில் பல மொழிகளாகப் பிரிந்தது. இத்தாலியர் 'அனிமா' என்றே வைத்துக்கொண்டனர். ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் 'அல்மா' என்றனர். பிரெஞ்சு மொழியில் அது தேய்ந்து 'ஆம்' ஆயிற்று. இந்நான்கிலும் பொருள் ஆத்துமாவே. ஆனால் கிழக்கே ருமேனிய மொழியில் அதே சொல் 'இனிமா' என்றாகி, இருதயத்தைக் குறிக்கின்றது! மார்பில் துடிக்கும் உறுப்பும் அதுவே. அன்பின் இருப்பிடமும் அதுவே. அப்படியாயின் ஆத்துமாவுக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள்? 'சுப்லெத்' என்கிறார்கள். அதுவும் 'ஊதுதல்' என்னும் வினையோடு தொடர்புடைய சொல்லே. மூச்சு ஒரு வழியால் வெளியேறி மறுவழியால் உள்ளே வந்துவிட்டது!

ஒரு சொல்லின் வரலாறு ஆத்துமா இன்னதென்று நிரூபித்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் மக்கள் அதனை எங்கே தேடினார்கள் என்பதை அது காட்டும். 1649இல் பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் ஆத்துமாவின் தலையாய இருப்பிடம் மூளையின் நடுவேயுள்ள ஒரு சிறு சுரப்பி என்று எழுதினார். கற்றவர் அதனைத் தலையில் தேடினர். பாமர மக்களின் பேச்சோ வேறு வழி சென்றது. பிறர் துன்பங்கண்டு இரங்காத கொடியவனை ஸ்பானியர் 'தெசல்மாதோ' என்பர். ஆத்துமா அற்றவன் என்பதே அதன் நேர்ப்பொருள். ருமேனியரோ தாராள மனம் படைத்தவனை 'இனிமோஸ்' என்பர். பொருளால் பிரிந்த சொற்கள் அறத்தில் மீண்டும் சந்திப்பதைக் கவனித்தீர்களா? இரக்கமற்ற இடத்தில் ஆத்துமா உண்டென்று சொல்ல மக்களின் நாவு கூசுகிறது.

இன்னுமொன்று கேளுங்கள். வயலினுக்குள்ளே மேற்பலகையையும் கீழ்ப்பலகையையும் இணைத்து ஒரு சிறு மரக்குச்சி நிற்கும். அது வெளியே தெரியாது. அதை எடுத்துவிட்டால் நாதம் கெட்டுப்போகும். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் ஸ்பானியரும் அக்குச்சியை வயலினின் ஆத்துமா என்றே அழைக்கின்றனர். பீரங்கிக் குழலின் உட்குழிக்கும் அம்மொழிகள் இதே சொல்லின் உருவங்களையே வழங்குகின்றன. ஒன்று இசை பிறக்கும் இடம். மற்றது மரணம் புறப்படும் இடம். இரண்டுக்கும் பெயர் ஒன்றே!

பழைய ஐரோப்பாவில் ஓர் ஊரின் மக்கள்தொகையைச் சொல்லும்போது 'இத்தனை ஆத்துமாக்கள்' என்று சொல்வது வழக்கம். தொட்டிற் குழந்தையும் ஓர் ஆத்துமா. படுக்கையில் கிடக்கும் முதியவரும் ஓர் ஆத்துமா. உழைக்க வல்லவர், வல்லாதவர் என்ற பேதம் அக்கணக்கில் இல்லை. இன்று நாம் மக்களை எண்ணும்போது அந்த நினைவு நமக்கு இருக்கிறதா? போரிலும் வெள்ளத்திலும் மாண்டவர் தொகையைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோமே, அப்போது நம் 'அனிமா' எந்த மொழியில் பேசுகிறது?

ஆத்துமா உண்டு என்று வாதிப்பது எளிது. அது நமக்குள் இருதயமாகத் துடிக்கிறதா என்பதே கேள்வி. வாசகரே, உமது உள்ளே இருப்பது வயலினின் குச்சியா, பீரங்கியின் குழியா? இவ்விடையை எந்த அகராதியும் தராது. உம் அயலவரே அறிவார்.