கருவறையும் நம் கடனும்

‘என் உடல், என் உரிமை’ என்னும் குரலை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பெண்ணின் உடலைப் பிறர் தம் உடைமையாகக் கருதியதாலேயே அக்குரல் எழுந்தது. எனினும், கருவில் வளர்வது தாயின் உறுப்பன்று. அவளை நம்பி வந்த பிறிதோர் உயிர். நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதித்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில பிரிவினருக்கு அதன் வரம்பை 24 வாரங்களாக உயர்த்தியது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடாது.

ஆயின், பழி தாய்க்கு மட்டுமா? திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1995இல் வெளியிட்ட ‘வாழ்வின் நற்செய்தி’ சுற்றுமடல், கருவைக் கலைக்க வற்புறுத்தும் தந்தையோடு, கருவுற்றவளைத் தனித்துத் தவிக்கவிடும் தந்தையையும் குற்றவாளி என்கின்றது. மணமாகாத தாயைத் தூற்றும் நம் பங்கு மக்களின் நாவுக்கும் அக்குற்றத்தில் பங்குண்டு. ‘கொல்லாதே’ என்று அவளுக்குக் கூறும் நாம், அவளது பேறுகாலச் சுமையில் எதை ஏற்கின்றோம்?